மாயத்துக்கு ஒரு நிபந்தனை

அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்குக் கண்ணை மூடினாலும் அந்தப் படம் தெரியும். மயானத்து இருட்டு, கையில் உருவிய வாள், தோளில் பிணம், நிமிர்ந்த நடையில் விக்கிரமன். ஓவியர் சங்கர் வரைந்தது. 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை அது. அதில் வந்த வேதாளக் கதைகளுக்கெல்லாம் ஒரே தொடக்கம், ஒரே முடிவு. ராஜா பிணத்தை இறக்குவான். வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். ராஜா பதில் சொல்வான். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். முடிவு முன்கூட்டியே தெரிந்த கதையை ஏன் அத்தனை ஆசையாகப் படித்தோம்?

சிறுவர்களுக்கு மாயக்கதை எழுத வேண்டும் என்று நினைக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்பேன். நான் கண்ட விடை, வேதாளம் வைத்த நிபந்தனைகள். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாக வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து பிணம் கை நழுவும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ராஜா முட்டாளாக இருந்திருந்தால் பிணத்தோடு நேராக வந்து சேர்ந்திருப்பான். புத்தி இருப்பதால்தான் ஒவ்வொரு முறையும் தோற்கிறான். அவனுடைய பலமே அவனைத் திரும்பத் திரும்ப மரத்தடிக்கு அனுப்புகிறது. பிணம் பேசுவது நமக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை. ‘ஐயோ, இப்போது வாயைத் திறக்கப் போகிறானே’ என்பதுதான் நம் தவிப்பாக இருந்தது.

ஃபேண்டஸி என்றும் மிகுபுனைவு என்றும் இந்த வகைக்குப் பெயர் சொல்கிறார்கள். பிள்ளைகள் மந்திரக் கதை என்பார்கள். நான் மாயக்கதை என்றே எழுதுகிறேன். பெயர் எதுவானாலும், புதிதாக எழுத வருகிறவர்களுக்கு முதலில் பிடிபட வேண்டியது ஒரே ஒரு கருத்துதான்: மாயம் எதைச் செய்யும் என்பதைவிட எதைச் செய்யாது, செய்வதற்கு என்ன கேட்கும் என்பதில்தான் கதை இருக்கிறது. அதைத்தான் நிபந்தனை என்கிறேன். ஆங்கிலத்தில் எழுதக் கற்றுத்தருகிறவர்கள் இதைப் பெரிய பாடமாக நடத்துகிறார்கள். நம் பாட்டிகள் பாடமெல்லாம் நடத்தாமலே இதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

அரக்கனின் உயிர் ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அரக்கனை யாராலும் கொல்ல முடியாது; ஆனால் அந்தக் கிளியைப் பிடித்துவிட்டால் அவன் கதை முடிந்தது. இந்த ஒற்றை வரி நிபந்தனை இல்லாவிட்டால் இளவரசன் வாளை வீசிக்கொண்டே இருப்பான், குழந்தை தூங்கிவிடும். நிபந்தனை வந்ததும் பயணம் வந்தது, தேடல் வந்தது, கிளி கைக்கு அகப்பட்ட கணத்தில் அரக்கன் அலறும் அலறலும் வந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது பட்டியின் தந்திரம். நம் பக்கம் சொல்லப்படும் விக்கிரமாதித்தன் கதையில், இந்திரன் தந்த சிம்மாசனத்தில் அமர்ந்து 1000 ஆண்டுகள் அரசாளும் வரம் ராஜாவுக்குக் கிடைக்கிறது. மந்திரியான தம்பி பட்டி, காளியிடம் 2000 ஆண்டு ஆயுளை வரமாக வாங்கிவிடுகிறான். இப்போது ஒரு சிக்கல். அண்ணன் போன பிறகு தம்பி மட்டும் 1000 ஆண்டுகள் இருந்து என்ன செய்வான்? பட்டி வரத்தின் வார்த்தைகளைத் திரும்பப் பார்க்கிறான். வரம் சொல்வது 1000 ஆண்டு ‘ஆட்சி’யைத்தானே? அப்படியானால் வருடத்தில் ஆறு மாதம் மட்டும் நாட்டை ஆளட்டும், மீதி ஆறு மாதம் காட்டில் இருக்கட்டும். 1000 ஆண்டு ஆட்சி முடிய 2000 ஆண்டுகள் ஆகும். காடாறு மாதம், நாடாறு மாதம் என்று இன்றும் நாம் பேச்சில் சொல்வது இங்கிருந்து வந்ததுதான்.

இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எட்டு வயதுப் பிள்ளைகளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். வரம் மாறவில்லை, தெய்வம் மறுபடி இறங்கி வரவில்லை. முன்பே சொல்லப்பட்ட சொற்களுக்குள் ஒளிந்திருந்த வழியைப் பட்டி கண்டுபிடித்தான். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கும் அதே சொற்கள் தெரியும். யோசித்திருந்தால் அவனும் கண்டுபிடித்திருக்கலாம். இதுதான் நியாயமான மாயம்.

வேதாளக் கதையின் கடைசியிலும் இதே நியாயம் இருக்கிறது. ஒரு குடும்பத்து அப்பா இன்னொரு குடும்பத்து மகளையும், அவர் மகன் அந்த மகளின் அம்மாவையும் மணந்துகொண்டால், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று வேதாளம் கேட்கிறது. ராஜாவுக்கு விடை தெரியவில்லை. தெரிந்தால்தானே தலை வெடிக்கும்? பேசாமல் நடக்கிறான். மௌனமும் கலையவில்லை, நிபந்தனையும் மீறப்படவில்லை. அத்தனை கதைகளாக அவனைத் தோற்கடித்த அதே விதி இந்த முறை அவனைக் கரை சேர்க்கிறது. கதாசரித்சாகரம் என்ற சம்ஸ்கிருதக் கதைத் தொகுப்பில் சோமதேவர் இதை எழுதிவைத்து 900 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முடிவு எழுதத் திணறும்போதெல்லாம் நான் திரும்பிப் போகும் இடம் இது.

பச்சைச் சூரியன்

1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் தேவதைக் கதைகள் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பின்னால் கட்டுரையாக விரிந்த அதில் ஒரு கருத்து வரும். மொழி கைவசம் இருக்கும் எவரும் ‘பச்சைச் சூரியன்’ என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பச்சைச் சூரியன் நம்பும்படி இருக்கிற ஓர் உலகத்தைக் கட்டுவதற்கு உழைப்பும் யோசனையும் வேண்டும் என்பது அதன் சாரம்.

இதை ஒரு பயிற்சியாகவே செய்து பார்க்கலாம். உங்கள் கதையில் சூரியன் பச்சை. சரி, அப்புறம்? பச்சை வெளிச்சம் மட்டும் பட்டால் சிவப்புப் பொருள் கறுப்பாகத் தெரியும். அப்படியானால் மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்ட பாட்டி, நன்றாகப் பழுத்ததை எப்படிப் பிரித்தெடுப்பாள்? விரலால் தடவிப் பார்ப்பாளா, முகர்ந்து பார்ப்பாளா? கல்யாணத்துக்கு அந்த ஊரில் எந்த நிறத்தில் புடவை எடுப்பார்கள்? அடிபட்டு ரத்தம் வந்தால் பிள்ளைகளுக்கு அது ரத்தம் என்று தெரியுமா? இந்த மூன்று கேள்விக்கும் விடை எழுதிவிட்டால் கதைக்கு உலகம் வந்துவிட்டது. பாட்டி கண்ணை மூடி ஒரு மிளகாயை மூக்கருகே கொண்டுபோகும் ஒரு வரி போதும். சூரியன் பச்சை என்று பத்து முறை எழுத வேண்டியதில்லை.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் இளையோருக்காக 1968இல் எழுதிய எர்த்சீ நாவலில் ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதன்மேல் மந்திரம் பலிக்கும். அதோடு, ஓர் இடத்தில் மந்திரத்தால் மழை பெய்யவைத்தால் இன்னொரு தீவில் வறட்சி வரலாம். இந்த இரண்டாவது நிபந்தனையைப் படித்தபோது, நான் அதுவரை எழுதியதில் எது இல்லை என்பது எனக்குப் புரிந்தது. மாயத்துக்கு எல்லை வைத்திருந்தேன். விலை வைக்கவில்லை.

எல்லை என்பது ‘இதைச் செய்ய முடியாது.’ விலை என்பது ‘செய்யலாம், ஆனால் இது போகும்.’ குழந்தையைப் பக்கம் புரட்ட வைப்பது விலைதான். அந்த விலையும் குழந்தை உணரக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். ‘ஆயுளில் பத்து ஆண்டு குறையும்’ என்றால் ஒன்பது வயதுக்காரிக்கு அது வெறும் எண். ‘உன் நாய் உன்னை அடையாளம் மறந்துவிடும்’ என்றால் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

சாவிக் கதை

நான் எழுதிய ஒன்றையே கிட்டத்தில் காட்டுகிறேன். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் தாத்தா, அவருடைய பேத்தி செல்வி. (திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்யும் அந்த மாங்காய்ப் பூட்டின் எடையை உள்ளங்கையில் உணர்ந்த நாளில்தான் எனக்கு இந்தக் கதை தோன்றியது.) பட்டறையின் பழைய தகரப் பெட்டியில் செல்விக்கு ஒரு சாவி கிடைக்கிறது. அது எந்தப் பூட்டையும் திறக்கும்.

முதல் வரைவில் அவள் திறந்துகொண்டே போனாள். பள்ளிக்கூட அறை, மிட்டாய்க் கடை, பாழடைந்த பங்களா, கடைசியில் ஒரு புதையல். எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை கதை கேட்க வரும் பிள்ளைகளிடம் வாசித்தேன். மிட்டாய்க் கடை வரைக்கும் கேட்டார்கள். பங்களா வரும்போது பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். வாசித்து முடித்ததும் ஒரு பையன் கேட்டான்: “அவளுக்கு என்னதான் கஷ்டம்?” அவன் குறையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான்.

அடுத்த வாரம் ஒரு நிபந்தனையோடு போனேன். அந்தச் சாவி வெளியில் ஒரு பூட்டைத் திறந்தால், செல்வி வீட்டில் ஒரு பூட்டு இறுகிப்போகும். பிறகு திறக்கவே திறக்காது. வீட்டில் மொத்தம் ஒன்பது பூட்டுகள். வாசல் கதவு, கொல்லைக் கதவு, பீரோ, அப்பாவின் சைக்கிள், அப்பத்தாவின் டிரங்குப் பெட்டி என்று முதல் அத்தியாயத்திலேயே எண்ணிக் காட்டிவிட்டேன். மூன்றாவது பூட்டு இறுகியபோது முன்வரிசையில் ஒரு சிறுமி விரலை மடக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஆறாவது இறுகும்போது பாதிப் பேர் விரல் மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

எழுத்து எப்படி மாறியது என்பதையும் பாருங்கள். முதல் வரைவில் இப்படி இருந்தது:

‘செல்வி அந்த மந்திரச் சாவியை எடுத்தாள். எந்தப் பூட்டையும் திறக்கும் அபூர்வ சக்தி படைத்தது அது. அந்த அதிசயத்தைக் கண்டு அவள் வியப்பில் வாயடைத்து நின்றாள்.’

திருத்திய பிறகு:

‘செல்வி சாவியைத் திருப்பினாள். தலைமையாசிரியர் அறைப் பூட்டு டொக் என்று வாயைப் பிளந்தது. அதே நேரம், இரண்டு தெரு தள்ளி, அப்பத்தா தன் டிரங்குப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். “நேத்து வரைக்கும் நல்லாத்தானடி தொறந்துச்சு?”’

இரண்டாவதில் மந்திரம், சக்தி, அதிசயம், வியப்பு எதுவும் இல்லை. வியக்க வேண்டியது வாசிக்கும் பிள்ளை. அந்த வேலையை நாம் செல்வியிடம் கொடுத்துவிடக் கூடாது. அப்பத்தாவுக்கு நடந்தது என்னவென்று தெரியாது, செல்விக்கும் இன்னும் தெரியாது, வாசிக்கும் பிள்ளைக்கு மட்டும் தெரிந்துவிட்டது. இரண்டு பேரிடமும் ஓடிப்போய்ச் சொல்லத் துடிக்கும் அந்தப் பிள்ளை இனிப் புத்தகத்தைக் கீழே வைக்காது.

அப்புறம்தான் பெரிய சோதனை வந்தது. முதல் வாரம் ‘என்ன கஷ்டம்’ என்று கேட்ட அதே பையன் கையைத் தூக்கினான். “அவங்க தாத்தாதான் பூட்டு செய்யறவராச்சே? தினமும் ஒரு பூட்டு கொண்டுவந்து வீட்டுல மாட்டிட்டா?” நான் எழுதிய முழுக் கதையிலும் இது எனக்குத் தோன்றவே இல்லை. தாத்தாவுக்கு வேறு தொழில் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்படிச் செய்திருந்தால் கதையின் உயிரே போயிருக்கும்.

பையன் கண்டுபிடித்த ஓட்டையைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்தேன். செல்வியும் அதையே யோசிக்கிறாள், புதுப் பூட்டு ஒன்றை எடுத்து வந்து மாட்டுகிறாள், அது பலிக்கவில்லை. ஒரு மழைக்காலமாவது அந்த வீட்டில் எதையாவது காத்துக்கிடந்த பூட்டுதான் வீட்டுப் பூட்டு என்று சாவி கணக்கு வைத்திருக்கிறது. கடைசியில் மிஞ்சுவது ஒரே பூட்டு. அது பட்டறைக் கதவில் தொங்கும் மாங்காய்ப் பூட்டு. அது இறுகினால் தாத்தாவின் பிழைப்பு போய்விடும். எதிரில் திறக்க வேண்டிய கதவு ஒன்று; உள்ளே தம்பி மாட்டிக்கொண்டிருக்கிறான். செல்வி சாவியைக் கீழே வைத்துவிட்டு, தாத்தாவின் அரத்தையும் கம்பியையும் எடுக்கிறாள். இரண்டாம் அத்தியாயத்திலிருந்து தாத்தா பூட்டுக்குள் காதை வைத்துக் கேட்பதை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

பாதிக் கதையை அந்தப் பையன் எனக்குக் கொடுத்தான். நிபந்தனையில் ஓட்டை இருப்பது தப்பே இல்லை. அந்த ஓட்டையை நம் கதாபாத்திரத்துக்கு முன்னால் வாசகர் கண்டுபிடித்துவிட்டு, அதைப் பற்றிக் கதை வாயே திறக்காமல் இருந்தால்தான் தப்பு. ‘பறக்கும் கம்பளம் இருக்கும்போது ஏன் நடந்து போனார்கள்’ என்ற ஒரு கேள்விக்கு விடை இல்லாத கதையைப் பெரியவர்கள் மன்னித்துவிடுவார்கள். பிள்ளைகள் மன்னிப்பதில்லை. விளையாட்டில் விதி மாறினால் ‘அழுகுணி ஆட்டம்’ என்று ஆட்டத்தை விட்டே போய்விடுவார்களே, கதையிலும் அப்படித்தான்.

நிபந்தனையை எப்போது சொல்வது என்று பலர் கேட்கிறார்கள். கதையில் அது முதல்முறை வலிப்பதற்குச் சற்று முன்னால், அல்லது வலிக்கும் அந்த நொடியில். தொடக்கத்திலேயே ஒரு முனிவரை உட்காரவைத்து இரண்டு பக்கத்துக்கு விதிகளைச் சொல்லவைக்காதீர்கள். கடைசிச் சண்டையில் திடீரென்று ஒரு புதுச் சக்தியையும் கொண்டுவராதீர்கள். அதுவரை விரல் மடக்கி எண்ணிய பிள்ளைக்கு அது செய்யும் துரோகம்.

வயதுக்குத் தகுந்தபடி நிபந்தனையும் மாறும். ஐந்தாறு வயதுக்கு ஒரே விதி, அதுவும் சொன்னவுடன் கண்ணுக்குத் தெரிவதாக. ஏழிலிருந்து பத்துக்குள் எண்ணிக்கை உள்ள விதிகள் ரொம்பப் பிடிக்கும். மூன்று வரம், ஒன்பது பூட்டு. பதினொன்றைத் தாண்டினால் ‘இந்த விதி நியாயமா’ என்று கேட்கத் தொடங்குவார்கள். அவர்களுக்கு எழுதும்போது விதியை வைத்தவர் யார் என்பதும் கதையில் வர வேண்டும்.

மொழியைப் பற்றி ஒன்றிரண்டு. கதை சொல்வது எழுத்துத் தமிழில், பேச்சு அந்தந்த ஊர்த் தமிழில் என்பது எனக்குச் சரியாக வந்திருக்கிறது. பிள்ளை வீட்டில் கேட்கும் மொழியில் அப்பத்தா பேசினால், அவள் பக்கத்தில் நடக்கும் மாயத்தையும் நம்பிவிடுகிறார்கள். பூதம், முனி, குட்டிச்சாத்தான் என்று நம்மிடம் இருக்கும் பெயர்களுக்கு நம் ஊர் மண்வாசனை உண்டு. டிராகன் என்று எழுதினால் அது நெருப்பைக் கக்கிக்கொண்டு ஒரு கோட்டையோடு சேர்ந்தே வரும். உங்கள் கதைக்குக் கோட்டை தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று எனக்கு மிக முக்கியம். கெட்டவர்களைக் கறுப்பாகவும் நல்லவர்களைச் சிவந்த மேனியாகவும் வர்ணிக்கும் பழக்கம் நம் பழைய கதைகளில் நிறைய உண்டு. நான் வாசித்துக் காட்டும் அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் கறுப்பு. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படி ஒரு வரியை வாசிக்க என்னால் முடியாது.

அச்சுக்குப் போகும்போது

1936இல் லண்டனில் ஸ்டான்லி அன்வின் என்ற பதிப்பாளர், டோல்கீனின் ஹாபிட் கைப்பிரதியைத் தன் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். படித்துவிட்டுக் கருத்து எழுதித் தந்தால் ஒரு ஷில்லிங் கூலி. பையன் எழுதினான்: கதை நன்றாக இருக்கிறது, ஐந்திலிருந்து ஒன்பது வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். 1937 செப்டம்பரில் புத்தகம் வந்தது. முதல் பதிப்பு 1500 பிரதிகள், டிசம்பருக்குள் தீர்ந்துவிட்டது. உங்களிடம் ஷில்லிங் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் ஒரு பத்து வயதுப் பிள்ளை இருக்கும். பதிப்பாளருக்கு அனுப்பும் முன் அந்தப் பிள்ளையிடம் போங்கள். ‘நல்லா இருக்கா’ என்று கேட்காதீர்கள். எல்லாப் பிள்ளைகளும் மரியாதைக்கு ‘நல்லா இருக்கு’ என்பார்கள். சத்தமாக வாசியுங்கள், எந்த வரியில் அவர்கள் கண் ஜன்னல் பக்கம் போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் அடியாக ஒரு குறுங்கதையைச் சிறுவர் இதழுக்கோ நாளிதழின் சிறுவர் இணைப்புக்கோ அனுப்பிப் பார்ப்பது நல்லது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் எழுதலாம், மொழிபெயர்க்கலாம். அங்கே கதைகள் திறந்த உரிமத்தில் வெளியாவதால் பிறரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். புத்தகமாக வரவேண்டும் என்றால் பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், வானம் பதிப்பகம், படக்கதைகளுக்குத் தூலிகா என்று சிறார் நூல்களில் கவனம் செலுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்பும் முன் அவர்கள் ஏற்கெனவே போட்ட நான்கு புத்தகங்களையாவது வாசித்துவிடுங்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு நாள் முழுக்கச் சிறுவர் நூல் அரங்குகளிலேயே நின்று, பிள்ளைகள் எதைக் கையில் எடுக்கிறார்கள், எதைத் திரும்ப வைக்கிறார்கள் என்று பார்ப்பது எந்தப் பயிலரங்குக்கும் குறைந்ததல்ல.

ஒப்பந்த விஷயத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் முதல் தொகுப்பை ஒருவரிடம் வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டேன். நான்கு ஆண்டுகள் புத்தகமும் வரவில்லை, வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்று கேட்டால் பதிலும் வரவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமையை எழுதிக்கொடுத்துக் கையெழுத்திட்டால்தான் அது கைமாறும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு இன்னும் சிலவற்றைச் சொல்கிறது. எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றுதான் கொள்ளப்படும். எந்தப் பகுதிக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வேறுவிதமாக எழுதியிராத பட்சத்தில், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். ஆகவே காலம், பகுதி, மொழிபெயர்ப்பு, ஒலிநூல், மின்னூல், ராயல்டி எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். நல்ல பதிப்பாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஓவியருக்கும் தனி ஒப்பந்தம், அட்டையில் பெயர், நியாயமான கூலி. மாயக்கதையில் பாதி உலகத்தைக் கட்டுவது அவர்தான்.

நீங்களே அச்சிடுவதாக இருந்தால், புத்தகத்துக்கு அடையாளமாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையவழி விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. யாராவது அதற்குப் பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். ஆஃப்செட் அச்சில் பக்கங்கள் பெரும்பாலும் 16, 16ஆகக் கட்டப்படும். அதனால் 32, 48, 64 என்று முடியும்படி கதையையும் படங்களையும் திட்டமிட்டால் காகிதம் வீணாகாது. எழுத்து அளவைக் குறைத்துப் பக்கத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லும் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். தமிழ் எழுத்துகளின் சுழியும் கொம்பும் நெருக்கியடித்தால், இப்போதுதான் வாசிக்கப் பழகும் கண் களைத்துவிடும்.

பிழைதிருத்தப் பிரதி வந்ததும் எழுத்துப் பிழையோடு நிபந்தனைப் பிழையையும் பாருங்கள். சாவிக் கதையின் படங்கள் வந்தபோது நான், ஓவியர், பதிப்பாசிரியர் மூவரும் பார்த்துச் சரி என்றோம். அச்சுக்கு அனுப்பும் முன் நூலகத்தில் பிள்ளைகளிடம் காட்டினேன். விரல் மடக்கி எண்ணினாளே அந்தச் சிறுமி, பதினோராம் பக்கத்தில் விரலை வைத்தாள். “சாவிக்கு மூணு பல்லுன்னு எழுதியிருக்கீங்க. படத்துல நாலு இருக்கு.” ஓவியரிடம் சொன்னேன். அவர் ஒரு பல்லை அழித்துவிட்டு, எதற்கும் என்று மற்றப் பக்கங்களையும் எண்ணிப் பார்த்தார். இருபத்திரண்டாம் பக்கத்தில், இறுகிப்போன கொல்லைக் கதவு பாதி திறந்திருந்தது.